2 டிகிரி தண்ணீரில் நனையாமல் ஒரு டைவ்! - சில்ஃப்ரா போறதுக்கு முன்னாடி ட்ரைசூட் பற்றித் தெரிஞ்சுக்கோங்க

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், திங்வெட்லிர் தேசியப் பூங்காவுக்கு. 930-ம் ஆண்டில் ஐஸ்லாந்து மக்கள் திறந்தவெளியில் தங்கள் நாடாளுமன்றத்தைக் கூட்டிய இடம் இது. 2004-லிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னம். வட அமெரிக்கப் புவித்தட்டும் யூரேசியப் புவித்தட்டும் வருடத்துக்குச் சுமார் 2 செ.மீ விலகிக்கொண்டே இருக்க, அந்த இழுப்பில் தரை பிளந்து உண்டான வெடிப்புகளில் ஒன்றுதான் சில்ஃப்ரா.

`இந்தக் கையில் அமெரிக்கா, அந்தக் கையில் ஐரோப்பா' என்று இன்ஸ்டாவில் போட்டோ போடுகிறார்களே, அது இங்கேதான். உண்மையில் தட்டுகளின் எல்லை ஒற்றைக் கோடு இல்லை, பல கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளத்தாக்கு. ஆனாலும் போட்டோ நல்லாத்தான் இருக்கு!

லாங்யோகுட்ல் பனிமலை உருகி, எரிமலைக் கற்களுக்கு அடியில் பல பத்தாண்டுகள் ஊறி, வடிகட்டப்பட்டு வரும் தண்ணீர் இது. நீருக்குள் 100 மீட்டர் தூரம்கூடத் தெளிவாகத் தெரியும். மீன்களைத் தேடினால் ஏமாற்றம்தான். நீலம், பாறை, பளிச்சென்ற பச்சைப் பாசி... அவ்வளவுதான். அதற்காகத்தான் உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வருகிறார்கள்.

சிக்கல் ஒன்றுதான். கோடையோ குளிரோ, தண்ணீர் 2 முதல் 4 டிகிரி செல்சியஸ். ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே உட்கார்ந்த மாதிரி. அதனால் இங்கே டைவ் அடிப்பவர்களுக்கு ட்ரைசூட் கட்டாயம்.

பாண்டிச்சேரியிலோ அந்தமானிலோ டைவ் செய்தவர்களுக்கு வெட்சூட் பழக்கமாகியிருக்கும். உடம்புக்கும் உடைக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர் புகுந்து, அது உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகும். நம் ஊர்க் கடலுக்கு அது தாராளம். ட்ரைசூட்டில் தண்ணீரே உள்ளே வராது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான ரப்பர் பட்டை, தண்ணீர் புகாத ஜிப், காலோடு ஒட்டிய பூட்ஸ். உள்ளே இருப்பது நீங்களும் காற்றும் மட்டும். தலைக்கும் கைக்கும் தனி ஹூட், கையுறை. பெரும்பாலும் அவை நனையத்தான் செய்யும்.

அந்தக் காற்றுதான் விஷயமே. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, உடைக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். துணி மடிந்து உடம்பைக் கிள்ளும், நெருக்கும். அப்போது சிலிண்டரிலிருந்து ஒரு குழாய் வழியாக, மார்பில் உள்ள வால்வை அழுத்திக் காற்று ஏற்ற வேண்டும். மேலே வரும்போது அதே காற்று விரியும். தோள் பக்கமுள்ள வால்வு வழியாக வெளியேற்ற வேண்டும். தலைகீழாகிவிட்டால் காற்றெல்லாம் காலுக்கு ஓடி, பலூன் மாதிரி கால் முதலில் மேலே தூக்கிவிடும்.

2020-ல் அமெரிக்காவின் மலை ஏரி ஒன்றில் ட்ரைசூட்டோடு இறங்கிய ஓர் இளம்பெண் உயிரோடு திரும்பவில்லை. அவர் வாங்கியிருந்தது பழைய சூட். அதன் வால்வில் பொருந்தும் குழாய் அவரிடம் இல்லை. காற்று ஏற்ற வழியில்லாமலே தண்ணீரில் இறங்கியிருக்கிறார். ட்ரைசூட் பயிற்சியும் இல்லை. செகண்ட் ஹேண்ட் சூட் பார்க்கும்போது விலையைவிட முதலில் கேட்க வேண்டியது, `என் ரெகுலேட்டரிலிருந்து வரும் குழாய் இந்த வால்வில் மாட்டுமா?' என்பதைத்தான். கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து ரப்பர் பட்டைகள். லேடெக்ஸ் வருடங்கள் போகப் போக ஒட்டும், விரிசல் விடும். இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கழுத்துப் பட்டை சும்மா பிடித்திருந்தால் போதும். இறுக்கினால் கழுத்து ரத்தக்குழாய் அழுந்தி மயக்கமே வரலாம். ஜிப்பைப் பல் பல்லாகப் பாருங்கள். அதை மாற்றும் செலவு பழைய சூட்டின் லாபத்தையே தின்றுவிடும்.

வகை என்று பார்த்தால் முக்கியமாக இரண்டு. நியோப்ரீன் தடிமனானது, அதுவே கொஞ்சம் சூடு தரும், ஆனால் கனம், காயவும் நேரமாகும். டிரைலாமினேட் ரெயின்கோட் மாதிரி மெல்லியது, தானாகச் சூடு தராது. சூடு முழுக்க உள்ளே போடும் கம்பளி அல்லது ஃப்ளீஸ் உடையிலிருந்துதான். பயணம் செய்பவர்களுக்கு என் ஓட்டு இதற்கே. பெட்டியில் மடித்து வைக்கலாம், உள்ளாடையை மாற்றி வெவ்வேறு குளிருக்குப் பயன்படுத்தலாம். காட்டன் பனியன் மட்டும் வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு, பிறகு உங்களையே நடுங்க வைக்கும்.

போட்டுப் பார்க்கும்போது அந்த உள்ளாடையோடு போடுங்கள். உட்கார்ந்து எழுங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், இரண்டு வால்வும் கைக்கு எட்டுகிறதா பாருங்கள். பூட்ஸ் தொளதொள என்றிருந்தால் காற்று நிரம்பிக் காலிலிருந்து கழன்றுவிடும்.

புது சூட் பெரும்பாலும் லட்ச ரூபாயைத் தாண்டும். சில்ஃப்ராவுக்காக மட்டும் என்றால் வாங்கவே வேண்டாம், அங்கே சுற்றுலா நிறுவனங்களே சூட் தருகின்றன. ஆனால் ஸ்கூபா டைவ் செய்ய ட்ரைசூட் சான்றிதழோ, ட்ரைசூட்டில் டைவ் செய்த அனுபவத்துக்கான பதிவோ காட்ட வேண்டும். அது இல்லாதவர்களுக்கு ஸ்நோர்க்கெலிங் இருக்கிறது. அதே சூட், அதே நீலம். மேலே மிதப்பதால் காற்று ஏற்றும் வேலையும் இல்லை. நீச்சல் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் அவ்வளவு தெளிவு என்பதால் மேலிருந்தே அடி தெரியும். முதல் முறை போகிறவர்களுக்கு இதுவே போதும் என்பேன்.

ஒரு சின்ன விஷயம். சூட் மாட்டுவது கார் பார்க்கிங்கில், வெட்டவெளியில். ஜனவரியில் காற்று தண்ணீரைவிடக் குளிராக இருக்கும் நாள்கள் உண்டு. சூட்டுக்குள் நுழையவே நேரம் பிடிக்கும், ஒருமுறை ஜிப் போட்டுவிட்டால் டைவ் முடியும்வரை கழற்ற முடியாது. அதனால் டாய்லெட் போய்விட்டு வந்து ஜிப்பைப் போடுங்கள்!