பந்து யாரிடம், பந்து யாருக்கு

புனேயின் வடகிழக்கில், விமான நிலையத்தையும் விமானப்படைத் தளத்தையும் கொண்ட லோஹேகாவில் கூடைப்பந்து நடுவராகப் பழகும் ஒருவருக்குத் தாய்மொழி மராத்தியாக இருக்குமானால், விதிநூலின் மிகக் கடினமான பகுதிக்கு அவர் ஏற்கெனவே பாதி ஆயத்தமானவர். 'சேண்டூ கோணாகடே?' என்றால் பந்து யாரிடம் என்று பொருள்; 'சேண்டூ கோணாலா?' என்றால் பந்து யாருக்கு. தமிழும் இவ்வாறே பிரிக்கிறது. அவளிடம் பணம் இருக்கிறது. அவளுக்கு இரண்டு தம்பிகள். கையில் இருப்பதற்கு ஓர் உருபு, உறவுக்கும் உரிமைக்கும் வேறோர் உருபு. குடும்பத்தால் வேறுபட்ட இரு மொழிகள் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன.

ஃபிபா விதிகள் இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்கின்றன: தொடுதல். பந்து எல்லைக்கு வெளியே போனால் கடைசியாகத் தொட்டவரின் அணி அதை இழக்கிறது. ஆயினும் தொடுவது வேறு, வசப்படுத்துவது வேறு. தடுப்பவரின் விரலில் பட்டுப் பந்து வெளியேறினால், தாக்கும் அணிக்கே பந்து மீள்கிறது. ஆனால் 24 நொடிக் கடிகாரம் புதிதாகத் தொடங்குவதில்லை, எஞ்சிய நொடிகளே கிடைக்கும். பந்தைப் பிடித்தாலோ தட்டிச் சென்றாலோதான் அது ஓர் அணியின் வசமாகிறது. கூடையை நோக்கி எறிந்த பந்து கையை விட்டு நீங்கியதும் அது யாரிடமும் இல்லை.

இரு அணியினரும் பந்தை இறுகப் பற்றி, முரட்டுத்தனம் இன்றி ஒருவராலும் பறிக்க இயலாதபோது, 'யாரிடம்' என்ற கேள்விக்கு விடை கிடையாது. அப்போது நடுவர் 'யாருக்கு' என்று கேட்கிறார். விடை மேசைமீதுள்ள அம்புக்குறியில் இருக்கிறது. ஆட்டத்தின் தொடக்கத் தாவுபந்தில் பந்தை வசப்படுத்தாத அணிக்கே முதல் அம்பு உரியது. ஒருவரிடம் பந்து சேர்ந்த கணத்திலேயே அடுத்த வாய்ப்பு மற்றவருக்கு என எழுதப்பட்டுவிடுகிறது. அமெரிக்காவின் என்பிஏ இன்றும் இதற்குத் தாவுபந்தையே பயன்படுத்துகிறது. உயரமும் தாவும் திறமும் அங்கே பேசுகின்றன. அம்புக்குறி உயரத்தைப் பார்ப்பதில்லை.

புதிய நடுவர்கள் இடறுவது அம்பை எப்போது திருப்புவது என்பதில். உள்ளெறியும் பந்து களத்திலுள்ள ஆட்டக்காரர் ஒருவர்மீது பட்டபின்பே அது திரும்ப வேண்டும். அதற்குமுன் எந்த அணி ஃபவுல் செய்தாலும் உரிமை அழியாது. ஆனால் எறிபவர் 5 நொடியைக் கடந்தாலோ, பக்கவாட்டில் 1 மீட்டருக்கு மேல் நகர்ந்தாலோ உரிமை போய்விடும். ஃபவுலுக்குத் தனித் தண்டனை உண்டு. எனவே முறைவாய்ப்பை அதனோடு சேர்த்துப் பறிப்பதில்லை. எறிதலில் விதிமீறியவரோ தமக்கு வந்த முறையையே வீணாக்கியவர்.

இவை சிறு நுணுக்கங்களாகத் தோன்றலாம். 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில், 3 நொடி எஞ்சியிருக்க, டக் காலின்ஸின் இரு ஃப்ரீ த்ரோக்களால் அமெரிக்கா 50-49 என முன்னேறியது. உள்ளெறியும் உரிமை சோவியத் அணிக்கு என்பதில் ஐயமில்லை. அதனுடன் எத்தனை நொடிகள் உரியவை என்பதில்தான் குழப்பம். ஃபிபாவின் வில்லியம் ஜோன்ஸ் தலையிட்டு 3 நொடியை மீட்டளிக்கச் செய்தார். பந்து மும்முறை உள்ளெறியப்பட்டது. மூன்றாம் முறை எதேஷ்கோ களத்தின் முழு நீளத்துக்கும் எறிந்த பந்தை பெலோவ் கூடையில் சேர்த்தார்: 51-50. நடுவர் ரெனாத்தோ ரிகெத்தோ ஆட்டத்தாளில் கையொப்பமிட மறுத்தார். அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை ஏற்கவில்லை.

பதக்கமில்லாத ஆட்டத்திலும் இழப்பின் அளவு குறைவதில்லை. பந்தைப் பற்றி விழுந்து, முழங்கை சிராய்த்து எழும் சிறுமி நடுவரின் கையைப் பார்க்கிறாள். தன்னிடம் இருந்தது அவளுக்குத் தெரியும். தனக்கு உரியதா என்பதைச் சொல்ல வேண்டியவர் அவர். அதைக் காரணத்தோடு சொல்லத் தெரிந்த நடுவரிடம் தோற்பவர்கள் ஆட்டத்தை மட்டுமே தோற்கிறார்கள்.