முதிய வீரர்களின் கல்லறைத் தோட்டம்

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் வாக்கீன் என்னும் நீண்ட பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. பருத்தியும் திராட்சையும் பாதாமும் விளையும் நிலம் அது. அதன் தென்கோடியில் பேக்கர்ஸ்பீல்டு நகரம் உள்ளது. நகருக்குக் கிழக்கே, தெகாச்சபி மலை உயரத் தொடங்கும் இடத்தில், முன்னாள் படைவீரர்க்கென்று ஒரு தேசியக் கல்லறைத் தோட்டம் அமைத்திருக்கிறார்கள். இளவேனிற் காலத்தில் ஒருநாள் அதனைக் காணச் சென்றேன்.

வாயிலைக் கடந்ததும் முதலில் கண்ணில் பட்டது அரைக்கம்பத்தில் பறந்த கொடி. அந்நாட்டுத் தேசியக் கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் நிகழும் நாளெல்லாம் கொடி தாழ்ந்தே பறக்கும் என அறிந்தேன். மாண்டவர் தளபதியாயினும் சமையற்காரராகப் பணியாற்றிய சிப்பாயாயினும் கொடி ஒரே அளவுதான் தாழும்.

நம் நாட்டில் தருமபுரிப் பக்கத்திலும் செங்கத்துப் பக்கத்திலும் பழைய நடுகற்கள் பலவற்றை நான் கண்டதுண்டு. ஆநிரை மீட்கச் சென்று மாண்டவர்க்கு நட்டவை அவை. போரில் வீழ்ந்தவனுக்குத்தான் கல். மீண்டு வந்து, ஏர் உழுது, மூத்து, கட்டிலில் உயிர் துறந்தவனுக்குக் கல் ஏது? பேக்கர்ஸ்பீல்டில் நான் கண்ட கற்களோ பெரும்பாலும் அத்தகையோர்க்கு உரியவை. போர்க்களத்திலிருந்து மீண்டபின் ஐம்பது அறுபது ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தவர்கள் பலர் அங்கே உறங்குகின்றனர்.

தொடக்கத்தில் அமெரிக்கரும் களத்தில் மாண்டோரையே கருதினர். உள்நாட்டுப் போர் நடந்த 1862ஆம் ஆண்டில், நாட்டுக்காக உயிர் துறந்த வீரரை அடக்கம் செய்யத் தேசியக் கல்லறைகள் அமைக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவர் லிங்கனுக்குச் சட்டத்தால் அளிக்கப்பட்டது. பிற்காலத்தில், மதிப்போடு பணி முடித்து ஊர் திரும்பியவர்க்கும் அவ்வுரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர் ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் பேர். அவர்களுள் 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்; ஏனையோர் மீண்டனர். மீண்டவர்கள் முதுமையடைந்தபோது பழைய தோட்டங்கள் பலவற்றில் இடம் இல்லாது போயிற்று.

ஆகவே அரசு ஒரு கணக்குப் போட்டது. வீரர் எவருடைய வீட்டுக்கும் 75 மைலுக்குள் ஒரு கல்லறைத் தோட்டம் இருத்தல் வேண்டும். அத்தகைய வசதியற்ற வீரர் 1,70,000 பேர் வாழும் பகுதியில் புதிய தோட்டம் அமைக்கலாம் என்பது அன்றைய அளவுகோல். 2011இல் அது 80,000 ஆகக் குறைக்கப்பட்டது. பேக்கர்ஸ்பீல்டு உள்ளிட்ட ஆறு பகுதிகளில் தோட்டம் அமைக்க 2003இல் சட்டம் இயற்றினர். தெகோன் பண்ணை நிறுவனத்தார் 500 ஏக்கர் நிலத்தை நன்கொடையாக அளித்தனர். 2009இல் தோட்டம் திறக்கப்பட்டது. உயிரோடு இருப்போரை எண்ணிப் பார்த்துக் கல்லறைக்கு நிலம் தேடுவது கொடுமையன்றோ என முதலில் எனக்குத் தோன்றியது.

ஆங்கே ஒரு முதியவரைக் கண்டேன். வயது எண்பதை நெருங்கியிருக்கலாம். வியட்நாம் போரில் பணியாற்றியவராம். மடக்கு நாற்காலி ஒன்றை விரித்து ஒரு கல்லின் அருகே அமர்ந்திருந்தார்.

“உறவினரோ, ஐயா?” என்று கேட்டேன்.

“என் மனைவி. எனக்கும் இதே குழிதான். அவள் கீழே இருக்கிறாள், எனக்கு மேல்தட்டு” என்றார்.

ஒரே குழியில் இருவரை ஒருவர்மேல் ஒருவராக அடக்கம் செய்யும் வழக்கம் அங்கு உண்டு. புதிய தோட்டங்கள் பலவற்றில் அதற்கென்றே கற்காரைப் பேழைகளை முன்கூட்டியே மண்ணுக்கடியில் வரிசையாக இறக்கி வைத்துவிடுகிறார்கள். நிலமும் கல்லும் இலவசம்; என்றென்றும் பேணும் பொறுப்பும் அரசினுடையது. நிமிர்த்தி நடும் கல்லின் நீளம் 42 அங்குலம், அகலம் 13 அங்குலம், கனம் 4 அங்குலம். எவர்க்கும் இதே அளவு. சிலுவையோ பிறையோ ஓங்காரமோ, அவரவர் சமயச் சின்னத்தைப் பொறித்துக்கொள்ளலாம்.

“இத்தோட்டம் இல்லையேல் மலைக்கு அப்பால் ரிவர்சைடில் அடக்கம் செய்திருப்போம். இந்தக் கண்களை வைத்துக்கொண்டு அவ்வளவு தொலைவு வண்டி ஓட்ட இயலுமா? இங்கென்றால் இருபது நிமிடத்தில் வந்துவிடுகிறேன். வாரம் இருமுறை வருகிறேன்” என்றார் அவர். அந்த 75 மைல் கணக்கு யாருக்காகப் போடப்பட்டது என்பது அப்போது விளங்கிற்று.

குறை சொல்ல இடம் இல்லாமல் இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறு அங்குல மழையே பெய்யும் அப்பக்கத்தில் புல்வெளியைப் பசுமையாக வைத்திருப்பதென்றால் நீர் எவ்வளவு வேண்டும்! டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவில் உள்ள போர்ட் பிளிஸ் தோட்டத்தில் புல்லை நீக்கிச் சரளைக்கல் பரப்பியபோது, வீரர்களின் குடும்பத்தார் சிலர் மனம் நொந்தனர். அவர்கள் வருத்தம் இயல்பே. எனினும் வறண்ட நிலத்துக்குச் சரளையே தகுதி என்பது என் கருத்து.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த வரிசைக்கு அப்பால் இரு பணியாளர்கள் கயிறு பிடித்துக் கற்களின் நேர்மை பார்த்தனர். சாய்ந்த கல்லொன்றைப் பெயர்த்து மீண்டும் நட்டனர். முதியவர் நாற்காலியை மடக்கிக்கொண்டு எழுந்தார். கருவாலி மரங்கள் நின்ற, இன்னும் ஒரு கல்லும் நடப்படாத மேட்டைக் கையால் சுட்டினார்.

“என் மகன் ஈராக்கிலிருந்து மீண்டவன். இந்த வரிசைகள் நிறைந்துவிடும். அவனுக்கு அந்த மேட்டில்தான் இடம் கிடைக்கும்” என்று சொல்லிவிட்டு, தம் வண்டியை நோக்கி மெல்ல நடந்தார்.