மேடைக் கேமரா

ஆடி பிறந்துவிட்டால் ராஜபாளையத்தில் கல்யாண மண்டபங்கள் ஓய்ந்துவிடும். ஆவணியில் முகூர்த்தம் தொடங்கும்வரை போட்டோக்காரர்களுக்கு வருமானம் சுருங்கும். வர வேண்டிய ஆல்பப் பாக்கியை வசூலிக்கவும், விளக்குகளைத் துடைத்து வைக்கவும், லென்ஸுக்குள் பூஞ்சை ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும் இதுதான் நேரம். மலையடிவார ஊர், சாரல் காலத்து ஈரம் கண்ணாடிக்கு ஆகாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு லென்ஸ்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். ஆடியில்தான் இவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள் என்று தெரிந்தே போனேன். ஆசைக்குக் கேமரா வாங்கிய ஒருவர் அதை வைத்துச் சம்பாதிக்கத் தொடங்கும்போது அவர் கையில் இருக்கும் கருவிகள் ஏன் மாறுகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

முதலில் போன ஸ்டூடியோவின் உரிமையாளர் பிலிம் காலத்திலேயே தொழிலுக்கு வந்தவர். தெருவில் எல்லோருக்கும் அண்ணாச்சி. அப்போது ஒரு ரோலில் 36 படம். கல்யாணத்துக்கு எத்தனை ரோல் என்பதை வீட்டாரோடு முன்கூட்டியே பேசிக்கொள்வார்களாம். படம் விழுந்திருக்கிறதா என்பது லேபில் கழுவி வந்த பிறகுதான் தெரியும். அந்தப் பயம் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை. மேசைமேல் ஒரே மாடலில் இரண்டு கேமரா பாடிகள், இரண்டுமே சோனி ஏ7 III.

"ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசுன்னு வச்சிருந்தா அவசரத்துல விரல் பட்டனைத் தேடும் தம்பி. தாலி கட்டுற நேரத்துல தேடிக்கிட்டு நிக்க முடியுமா?"

இந்த மாடலை எடுத்ததற்கு அவர் சொன்ன காரணம் மெமரி கார்டு. 2018இல் சோனி, நிக்கான், கேனான் மூன்று நிறுவனங்களும் மிரர்லெஸ் ஃபுல் ஃபிரேம் கேமராக்களை அடுத்தடுத்து இறக்கின. நிக்கான் இசட்6இலும் கேனான் ஈஓஎஸ் ஆரிலும் கார்டு போட ஒரே ஒரு இடம்தான். ஏ7 III-இல் இரண்டு. எடுக்கும் ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு கார்டிலும் பதியும். ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும். விமர்சகர்கள் கலர், ஃபோகஸ், பிடிப்பு என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி இந்த ஒன்றைத்தான் பார்த்திருக்கிறார். 2020இல் வந்த இசட்6 II, கேனான் ஆர்6 இரண்டிலும் இரண்டாவது இடம் வைத்துவிட்டார்கள். கல்யாணம் எடுப்பவர்களின் குரல் அந்த நிறுவனங்களுக்குக் கேட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இடத்துக்கும் வேலைக்கும் ஏற்றபடி கருவியைத் தேர்ந்தெடுப்பது இங்கே புதிதல்ல. 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்த லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசிடம் சம்பளம் வாங்கிய புகைப்படக்காரர். கண்ணாடித் தகட்டில் ஈரக் கலவை பூசி, அது காய்வதற்குள் எடுத்துக் கழுவும் முறை அப்போது பரவிக்கொண்டிருந்தது. அவரோ பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவையே நம்பினார். காகிதம் உடையாது, முன்கூட்டியே தயார் செய்து வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம். செலவு அதிகம் என்று சொல்லி அரசு சீக்கிரமே அவர் வேலையை நிறுத்திவிட்டது.

மண்டபத்து வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டதும் அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார். ஹோமப் புகை, மஞ்சள் சீரியல் பல்பு, வீடியோக்காரரின் வெள்ளை விளக்கு, மேடைக்குப் பின்னால் நிறம் மாறும் எல்இடி, எல்லாம் ஒன்றாக அடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் மணப்பெண்ணின் முகத்தில் பட்டை பட்டையாக விழும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். எந்தக் கேமராவும் இதை அவருக்குச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு மண்டபமாக ஏறி இறங்கிக் கற்றது.

ஆனால் அவருடைய உண்மையான திறமை மேடையில்தான். கல்யாண வேலையில் இப்போது கேண்டிட் எடுப்பவருக்குத்தான் மவுசு. சிரிப்பையும் கண்ணீரையும் தற்செயல்போலப் பிடித்து வரும் அந்தப் படங்களைத்தான் வாட்ஸ்அப்பில் வைக்கிறார்கள். மேடையில் நின்று, மொய்க்கவரோடு ஏறிவரும் குடும்பங்களை வரிசையாக எடுப்பவரை டிரெடிஷனல் என்று சொல்லிக் கொஞ்சம் கீழாகப் பார்க்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தாய்மாமா யார், யாரோடு யார் பேச்சுவார்த்தை இல்லை, எந்தப் பாட்டியால் படியேற முடியாது, எந்தக் குழந்தை அழப்போகிறது என்பதையெல்லாம் மணிக்கணக்கில் கவனித்து, ஒவ்வொரு முகமும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண் திறந்திருக்கும்படி எடுப்பது லேசான காரியமில்லை. இருபது வருஷம் கழித்து அந்த ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் இறந்துபோன பெரியப்பாவைத் தேடுவார்கள். அவர் மேடைப் படத்தில்தான் இருப்பார்.

"மேடையில ஏறுனவுகள்ல ஒருத்தர விட்டாலும், ஆல்பம் கொடுக்கப் போறப்ப சரியா அந்த ஒருத்தரத்தான் கேப்பாக" என்றார் அண்ணாச்சி.

பணம் மூன்று தவணையாக வரும். பேசி முடிக்கும்போது முன்பணம், முகூர்த்தத்தன்று ஒரு பகுதி, ஆல்பம் கொடுக்கும்போது மீதி. இந்த மீதிதான் தொல்லை. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துத் தரும் வேலை வீட்டாருடையது. மாப்பிள்ளை வெளியூர் போய்விடுவார், செலக்‌ஷன் மாதக்கணக்கில் இழுக்கும், அதுவரை லாபம் முழுவதும் அங்கேயே நிற்கும். செலக்‌ஷனுக்கு ஒரு கெடு வைத்து, அது தாண்டினால் மீதியைக் கொடுத்துவிட வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குகிறவர்கள் தப்பிக்கிறார்கள். அதே தாளில், படத்தின் உரிமை யாருக்கு என்று இன்னொரு வரியும் வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். தன் வேலையைக் காட்ட மணமக்கள் படத்தை இன்ஸ்டாகிராமில் போடும் இளைஞர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

அண்ணாச்சியிடம் வேலை பழகும் தம்பி ஒருவர் நூற்பாலையில் ஷிப்ட் பார்க்கிறார். என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் செண்பகத்தோப்புக்கு அழைத்துப் போனார். அவருடைய ஆசை சாம்பல் நிற அணில். அதைக் காக்கத்தான் இந்தக் காடு 1988இல் சரணாலயமானது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகியிருக்கிறது. பக்கத்து மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று தொடும் உயரத்தில் கூடு கட்டும் அணில், ஆபத்து வந்தால் தரையில் இறங்காமலே தாவிப் போய்விடும். அந்த இலைக்கூரைக்கு அடியில் வெளிச்சம் மிகக் குறைவு. அந்த அணிலுக்காகவே தவணையில் ஒரு 150-600 லென்ஸ் வாங்கியிருக்கிறார். அன்று வால் மட்டும் தெரிந்தது. அதற்கே அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

தவணை கட்ட வேண்டும் என்றுதான் அவர் கல்யாண வேலைக்கு வந்தார். முழு நீளத்துக்கு இழுத்தால் எஃப் 6.3க்கு மேல் திறக்காத அந்த லென்ஸ் மண்டபத்துக்குள் உதவாது. இப்போது அவருக்குச் சோறு போடுவது விலை குறைந்த 50 எம்எம் எஃப் 1.8. முதல் கூலியும் அதில்தான் வந்தது, கல்யாணத்தில் அல்ல, ராஜபாளையம் நாயை வளர்க்கும் ஒருவரிடமிருந்து. வெயிலில் நிற்கும் வெள்ளை நாயைக் கேமராவின் மீட்டரை நம்பி எடுத்தால் சாம்பலாக வரும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டி வைத்தால்தான் வெள்ளை வெள்ளையாக இருக்கும், மூக்கின் இளஞ்சிவப்பும் தெரியும். முதல் படத்தைத் திரையில் பார்த்த உடனே திருத்திக்கொண்டாராம்.

அண்ணாச்சி அவருக்குச் சொல்லியிருக்கும் வரிசை இது: முதலில் ஃபிளாஷ், உபரி பேட்டரி, நல்ல கார்டுகள், பிறகு 35, 85 எம்எம் லென்ஸ்கள்; 70-200 எஃப் 2.8 மட்டும் வேண்டிய நாளில் வாடகைக்கு. இதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். முன்பணம் வாங்கிய வேலை கையில் இல்லாமல் தவணையில் லென்ஸ் வாங்குவது, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் பிள்ளைகளுக்குப் பெரிய பாரம்.

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கூலி எதுவும் இல்லாமல் போட்டோக்காரர்கள் கூடுகிறார்கள். முகூர்த்தமில்லாத மாதம் என்பதால் எல்லோராலும் வர முடிகிறது. தம்பி அந்தப் பெரிய லென்ஸைக் கொண்டு வரவில்லை. அண்ணாச்சியிடம் வாங்கிய 35 எம்எம்மோடு, பதினொரு நிலைக் கோபுரத்தை விட்டுவிட்டு, தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களின் பக்கத்தில் ஒதுங்கி நடந்தார். வடம் பிடித்தவர்களின் முகங்களை ஒன்றுவிடாமல் எடுத்தார்.

அந்தப் படங்களை ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்த அண்ணாச்சி, கண் மூடியிருந்தவற்றை மட்டும் தனியே எண்ணினார். குறைவுதான். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத் தம்பி கேண்டிட் கேட்டிருந்தார். அவருக்கு மேடைக் கேமராவைக் கொடுப்பதாகவும், சம்பளத்தை அதற்கேற்றபடி ஏற்றித் தருவதாகவும் அண்ணாச்சி சொன்னார். ஆலையில் அன்றைக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்ள முடியுமா என்று தம்பி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.