குடத்துக்குள் போகாத பெயர்

என் அப்பா உத்திரமேரூர் தாலுகா ஆபீஸ் வாசலில் முப்பது வருஷம் மனு எழுதிப் பிழைத்தவர். வேப்பமரத்தடியில் ஒரு மடக்கு மேசை, இரண்டு கார்பன் தாள், ஒரு கோந்து டப்பா. பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் தகராறு என்று எதற்கும் எழுதுவார். வருகிறவர்கள் கதையை அவர்கள் தாத்தா காலத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கேட்பார். பிறகு பத்து வரியில் எழுதி முடிப்பார். மனுக்கள் குவியும் ஜமாபந்தி வந்தால் அந்த வாரம் எங்கள் வீட்டில் மீன் குழம்பு.

அவருடைய பேத்தி போன கோடையில் வாஷிங்டனில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் எட்டு வாரம் இன்டர்னாக இருந்தாள். மனு எழுதியவரின் பேத்தி மனு வாங்கும் இடத்தில். ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அப்பா கேட்ட முதல் கேள்வி: "சம்பளம் உண்டாடா?"

அந்தக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன்.

நாங்கள் இருப்பது மேரிலாந்தில். ஞாயிற்றுக்கிழமை லான்ஹாம் சிவா விஷ்ணு கோவிலுக்குப் போவோம். தரிசனம் பாதி, கேன்டீன் தோசை பாதி. அங்கேதான் ஒரு நண்பர் அந்த நோட்டீஸைக் கையில் கொடுத்தார். பொதுக் கொள்கையிலும் சமூகத்துக்காகக் குரல் கொடுப்பதிலும் ஆர்வமுள்ள இந்துக் கல்லூரி மாணவர்களுக்கு நாடாளுமன்ற அலுவலகங்களில் கோடைக்காலப் பயிற்சி. என் மனைவி அதை அரசாங்க வேலை என்றே நினைத்துவிட்டாள். நம்மூர்ப் புத்தி, டி.என்.பி.எஸ்.சி. அளவுக்கு யோசித்துவிட்டோம்.

உண்மையில் அலுவலகம் அரசுடையது, அனுப்புகிறவர்கள் தனியார். 2003-இல் தொடங்கிய இந்து அமெரிக்க ஃபவுண்டேஷன் இந்த மாதிரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து அமெரிக்கக் காங்கிரஸ் அலுவலகங்களில் சேர்த்துவிடுகிறது. இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 1970-இல் 'இந்தியா அப்ராட்' வார இதழைத் தொடங்கிய கோபால் ராஜு, தொண்ணூறுகளில் இந்திய வம்சாவளிப் பிள்ளைகளை இப்படி வாஷிங்டனுக்கு அனுப்பும் வேலையைத் தொடங்கினார். அப்போது காங்கிரஸில் நம் ஆள் ஒருவர்கூடக் கிடையாது. 1956-இல் தேர்வான சீக்கியர் தலிப் சிங் சவுந்தோடு கதை நின்றுபோயிருந்தது. இந்து ஒருவர் உள்ளே போக 2012 தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பகவத் கீதையின் மேல் கைவைத்துப் பதவியேற்ற துளசி கப்பார்ட், ஹவாய்க்காரர். இந்திய வம்சாவளியும் இல்லை. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ராஜா கிருஷ்ணமூர்த்தி 2016-இல் இல்லினாய்ஸில் ஜெயித்தபோது எங்கள் தெருவில் நாலு வீட்டில் கேசரி கிண்டினார்கள். அவருடைய அரசியல் என்ன என்று அந்த நாலு வீட்டுக்கும் தெரியாது.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரையும் எழுத வேண்டும்: உன் அடையாளம் உனக்கு என்ன? மகள் மடிக்கணினியை மூடிவிட்டு என்னைக் கேட்டாள்: "நாம எப்ப இருந்து இந்து, அப்பா?"

யோசித்துப் பார்த்தேன். உத்திரமேரூரில் யாரும் என்னை இந்துவா என்று கேட்டதில்லை. "எந்தத் தெரு?" என்றுதான் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் போதும், மற்றதெல்லாம் கேட்டவருக்குத் தெரிந்துவிடும். பள்ளிக்கூட டி.சி.யில் 'இந்து' என்று எழுதி ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் சாதியை எழுதியிருந்தார்கள். முதல் சொல்லை நாங்கள் யாரும் படித்ததே இல்லை; இரண்டாவதுதான் சோறு போட்டது அல்லது பிடுங்கியது. 1998-இல் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து வாஷிங்டன் டி.சி. அருகே டல்லஸ் விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் அந்த முதல் சொல் எனக்கு உபயோகத்துக்கு வந்தது. சேர்ந்த முதல் வாரமே பக்கத்து மேசைக்காரர், மாடு சாப்பிடுவாயா, எத்தனை கடவுள் என்று அன்பாகவே விசாரித்தார். அந்த டி.சி.யில் கண்ணில் படாத சொல் இந்த டி.சி.யில் என் முழுப் பெயராகிவிட்டது.

இந்த நாட்டில் அந்தப் பெயரோடு இருப்பதில் சங்கடம் இல்லாமல் இல்லை. 2000 செப்டம்பரில், வாஜ்பாய் காங்கிரஸில் உரையாற்றிய நாளில், ஒஹையோ மாநிலத்துக் கோவில் அர்ச்சகர் ஒருவர் பிரதிநிதிகள் சபையில் முதல்முறையாக இந்துப் பிரார்த்தனை சொன்னார். 2007 ஜூலையில் இந்து மதகுரு ராஜன் செட் செனட்டில் சொன்னபோது பார்வையாளர் மாடத்திலிருந்து கூச்சல் போட்டு மறித்தார்கள். கூச்சலிட்ட மூவரைக் கைது செய்தார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் கேலி பேசுவதும் நடக்கிறது. ஆகவே நமக்கும் வாஷிங்டனில் ஒரு குரல் வேண்டும் என்று சொல்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் 'நமக்கு' என்றால் யாருக்கு? 2023-இல் கலிபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் எஸ்.பி. 403 மசோதா வந்தபோது இந்தக் கேள்வி எங்கள் சாப்பாட்டு மேசைக்கே வந்தது. அம்பேத்கரிய அமைப்புகள் ஆதரித்தன. இந்து அமெரிக்க ஃபவுண்டேஷன் கடுமையாக எதிர்த்தது, இது ஒரு சமூகத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது என்றது. இரண்டு அவைகளிலும் நிறைவேறிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் நியூசம் வீட்டோ செய்தார். அந்த வருஷம் ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒரு பெரியவர், "அமெரிக்காவுல சாதியே இல்ல சார், சும்மா கிளப்பி விடறாங்க" என்றார். அவரே பத்து நிமிஷம் கழித்து என்னிடம் வந்து ஊரைக் கேட்டார். உத்திரமேரூர் என்றேன். "அட, நம்ம பக்கம்தான். உத்திரமேரூர்ல எங்கே?" என்றார்.

மகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் கேள்வியைத்தான் தன் கட்டுரையில் எழுதினாள். இது வேலைக்கு ஆகாது என்றேன். அனுப்பிவிட்டாள், இடமும் கிடைத்தது.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன். நாடாளுமன்ற இன்டர்ன் என்றால் பல காலம் இலவச உழைப்புதான். கோடையில் வாஷிங்டனில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்து, கோட்டு வாங்கி, சம்பளமில்லாமல் இரண்டு மாதம் இருக்க யார் வீட்டுப் பிள்ளையால் முடியும்? 2018-இல்தான் இதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கினார்கள்: பிரதிநிதிகள் சபைக்கு 88 லட்சம் டாலர், செனட்டுக்கு 50 லட்சம். சபையின் ஒவ்வோர் உறுப்பினர் அலுவலகத்துக்கும் அப்போது வருஷத்துக்கு 20,000 டாலர் வரை. வெள்ளை மாளிகை தன் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது 2022-இல். என் மகளுக்கு நியூ கரால்டனில் ரயில் ஏறினால் கேப்பிடல் சவுத்தில் இறங்கலாம். அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம் இருந்தது. அயோவாவிலோ அலபாமாவிலோ பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் குஜராத்திக் குடும்பத்துப் பெண்ணுக்கு அது இல்லை.

எங்கள் ஊர்க்காரனுக்கு இந்த இடத்தில் ஊர்க் கல்வெட்டு கேட்கும் கால்வேலி நிலம் ஞாபகம் வராமல் போகாது.

பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும், உத்திரமேரூர் சதுர்வேதி மங்கலத்துச் சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளை வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் வெட்டி வைத்தது. ஊரில் 30 குடும்பு, இன்றைய வார்டு மாதிரி. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஆண்டு வாரியத்துக்குப் 12 பேர், தோட்ட வாரியத்துக்குப் 12, ஏரி வாரியத்துக்கு 6. முதல் கல்வெட்டில் வயது 30 முதல் 60. இரண்டே வருஷத்தில் அதை 35 முதல் 70 என்று திருத்தினார்கள். அதற்குள் என்ன தகராறு வந்ததோ. முந்தைய மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. எனக்குப் பிடித்த விதி இன்னொன்று: பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் கூடாது, அவன் தாய்வழி தந்தைவழிச் சொந்தமும் கூடாது. 2020 டிசம்பரில் டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் எங்கள் ஊர் பெயரைச் சொன்னார். அன்றைக்கு வாட்ஸ்அப்பில் எனக்கு நாற்பது செய்தி வந்தது.

நாற்பதிலும் இல்லாத விஷயம், ஓலையில் பெயர் ஏற என்ன வேண்டும் என்பது. வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல், ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர், இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு. வேதம் ஓதத் தெரிந்திருக்க வேண்டும். படிப்பு கூடுதலாக இருந்தால் நிலம் அரைக்கால் வேலி போதும். அது பிராமணர் சபை. போன மார்கழியில் மகளை அழைத்துக்கொண்டு அந்தக் கோவிலுக்குப் போனேன். சுவரைக் கையால் தடவிக்கொண்டே போனவள் நின்று கேட்டாள்: "தாத்தாவோட தாத்தா பேரு இந்தக் குடத்துக்குள்ள போயிருக்குமா?"

போயிருக்காது. எங்களுக்குக் கால்வேலியும் இல்லை, வேதமும் இல்லை. அந்த ஏரியில் மண் சுமந்த கூட்டத்தில் வேண்டுமானால் யாராவது இருந்திருப்பார்கள்.

அதற்காக அந்தக் கல்வெட்டு எனக்குப் பெருமை இல்லை என்று சொல்லமாட்டேன். கணக்குக் காட்டு என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் கல்லில் எழுதிய ஊர் எங்கள் ஊர். பெருமையும் வலியும் ஒரே சுவரில்தான் இருக்கின்றன, என்ன செய்ய. (குலுக்கல் இந்த நாட்டிலும் உண்டு. வருஷத்துக்கு 85,000 ஹெச்-1பி விசாவுக்குப் பல வருஷம் கம்ப்யூட்டர்தான் குடத்தைக் குலுக்கியது. என் தம்பி மகன் ஓலை மூன்று முறை வரவில்லை.)

மகள் அந்த எட்டு வாரமும் பெரும்பாலும் செய்தது போன் எடுத்ததுதான். வெளியிலிருந்து பார்த்தால் பிரமாதமான வேலை. உள்ளே போனால் ஒரு மேசை, ஒரு ஹெட்செட். முதலில் கேட்க வேண்டியது அழைப்பவரின் ஜிப் கோடு, தொகுதிக்காரர்தானா என்று தெரிந்துகொள்ள. வாதம் செய்யக் கூடாது, சொந்தக் கருத்துச் சொல்லக் கூடாது. என்ன சொன்னார், ஆதரவா எதிர்ப்பா என்று பதிய வேண்டும். நடுவே கேப்பிடல் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வரும் தொகுதி மக்களை அழைத்துப் போக வேண்டும். குடியேறிகளையெல்லாம் திருப்பி அனுப்பு என்று ஒருவர் இருபது நிமிஷம் கத்தினாராம். இவள், "நன்றி ஐயா, பதிவு செய்துவிட்டேன்" என்றாளாம். இன்னொரு நாள் பழைய ராணுவ வீரர் ஒருவர். உதவிப் பணம் நாலு மாதமாக வரவில்லை என்று சொல்ல வந்தவர் வியட்நாமிலிருந்து ஆரம்பித்தார். மகள் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாளாம். பிறகு அந்த மாதிரிக் குறைகளைப் பார்க்கும் தொகுதி அலுவலக ஊழியருக்குப் பத்து வரியில் எழுதி அனுப்பினாள். அவள் இதைச் சொன்னபோது நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

இந்துக்களுக்காகக் குரல் கொடுக்கப் போனவள், எட்டு வாரமும் யார் யார் குரலையோ கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் திட்டத்தில் உருப்படியானது அதுதான் என்பது என் கட்சி. ஒன்று சேர்ந்து சட்டம் வேண்டாம் என்றோ வேண்டும் என்றோ சொல்லக் கற்றுக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அடுத்தவன் குறையை அவன் சொல்லி முடிக்கும் வரை கேட்கக் கற்றுக்கொடுக்க இடம் குறைவு.

மார்கழியில் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேத்தியை விசாரித்தார். அவருடைய மேசை இப்போது பரணில். இ-சேவை மையம் வந்த பிறகு மரத்தடியில் கூட்டம் இல்லை.

"மனு வந்தா ரசீது குடுக்கறீங்களாம்மா?"

"பதில் லெட்டர் போவும் தாத்தா."

"பதில் வேற, ரசீது வேற. ரசீது இல்லாத மனு கிணத்துல போட்ட கல்லு. அடுத்த தபா போனா சொல்லு."

சொல்வதாகச் சொன்னாள். எனக்கும் இந்தத் திட்டங்களை நடத்துகிறவர்களிடம் கொடுக்க ஒரு மனு உண்டு. நோட்டீஸைக் கோவில் பலகையோடு நிறுத்தாதீர்கள். மளிகைக் கடையில் ஒட்டுங்கள், நெடுஞ்சாலை மோட்டல் வரவேற்பறையில் ஒட்டுங்கள், டாக்ஸி ஓட்டுநர்கள் டீ குடிக்கும் இடத்தில் ஒட்டுங்கள், கயானாவிலிருந்தும் ட்ரினிடாடிலிருந்தும் வந்த இந்துக்கள் இருக்கும் நியூயார்க் குயின்ஸ் தெருக்களில் ஒட்டுங்கள். தங்கும் செலவு எவ்வளவு தருவீர்கள் என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். கோடை இடங்களுக்குப் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே விண்ணப்பம் கேட்டுவிடுகிறார்கள். பொங்கலுக்கு முன்னாலேயே ஒட்டிவிடுங்கள்.