மாசியில் பனி, பங்குனியில் நெருப்பு

பனி மூடிய எரிமலையைத் தரிசிக்க வேண்டுமானால் ஜப்பான் தேசத்துக்குத்தான் பிரயாணம் செய்ய வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்வாசிகளாகிய நமக்கு அந்தப் பாக்கியம் ஏது? நமது மேற்குத் தொடர்ச்சி மலை, எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானதன்று. பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பழம்பாறை. உறைபனி மூடும் சிகரமும் இங்கே கிடையாது. ஆயினும், மாசியில் ஒருமுறையும் பங்குனியில் ஒருமுறையும் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போய்வந்த பிறகு, நமக்கு அந்தக் குறை அவ்வளவாக இல்லை.

மாசியில் நண்பர் ஒருவருடைய மாந்தோப்பில் தங்கினோம். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, அன்று அது நமது கம்பளியையும் துளைத்தது. பொழுது விடிந்தும் மலை தெரியவில்லை. இலை நுனிகளிலிருந்து மழை போலச் சொட்டிக்கொண்டிருந்தது. நமக்கு அது ரம்மியமான காட்சி, நண்பருக்கோ கவலை. மாமரம் பூத்திருக்கும் காலத்தில் பனி நீடித்தால் பூங்கொத்தில் சாம்பல் நோய் பற்றும். "இன்னும் பத்து நாள் இப்படியே இருந்தால் சப்பட்டைப் பழத்தை நீங்கள் மறந்துவிட வேண்டியதுதான்" என்றார். சப்பட்டையை மறப்பது இராஜபாளையத்துக்காரருக்கும் நமக்கும் இயலாத காரியம்.

வெயில் ஏறியதும் சாம்பல் நிறப் பேரணில் ஒன்று புளியமரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவிற்று. தரையில் இறங்க விரும்பாத பிராணி அது. கிளைகள் சேர்ந்திருந்தால்தான் அதற்கு வழி. அதற்காகவே 1988-ல் இந்த மலைக்காடு சரணாலயமாயிற்று. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று.

ஆண்டாள் திருக்கல்யாணம் பங்குனி உத்திரத்தன்று முடிந்ததும் மறுபடி சென்றோம். மரங்களில் மாவடு தொங்கிற்று. நண்பர் முகமும் தெளிந்திருந்தது. ஆனால் ஓடையில் பாறைகளே மிஞ்சியிருந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய கீழைச் சரிவல்லவா? குடியிருப்பிலிருந்து வந்த பளியர் முதியவர் ஒருவர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பனி இருந்தவரை பயமில்லை, ஐயா. இப்போது புல் காய்ந்துவிட்டது. ஒரு பீடி போதும்" என்றார்.

அன்றிரவே உயரத்தில் ஒரு செந்நிறக் கோடு தோன்றிற்று. தூரத்தில் நிற்பவனுக்கு அது கார்த்திகைத் தீபம் போல அழகாய்த்தான் இருக்கும். 2018 மார்ச் 11-ஆம் தேதி, வடக்கே தேனி ஜில்லாவின் குரங்கணி மலையில் அத்தகைய தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. காட்டுத்தீ மேட்டை நோக்கி ஓடுகையில் மனிதனால் அதை முந்த முடியாது. பெரும்பாலும் அதை மூட்டுவதும் மனிதனே. மலையேறப் போகிறவர்கள் கற்பூரத்தையும் பீடியையும் அப்படியே விட்டுவருவதைப் பக்தியென்றோ உல்லாசமென்றோ நாம் சொல்லமாட்டோம்.

தீயணைப்பு வண்டி அங்கே ஏறாது. பச்சைக் கிளையால் அடிக்க வேண்டும். முன்னால் சென்று புல்லைச் செதுக்கி வெற்றுக்கோடு போட வேண்டும். எந்தப் பள்ளத்தின் வழியாகத் தீ ஏறும், எங்கே அதை மறிக்கலாம் என்பதைப் பளியர்கள் அறிவார்கள். காட்டுக்குச் சட்டங்கள் பல உண்டு. இந்த அறிவுக்கு நாம் அளிக்கும் மதிப்புதான் சொற்பம்.

வனக்காவலருடன் பளியர் இளைஞர் சிலர் இருட்டிலேயே ஏறினார்கள். விடியும் வேளையில் கோடு அணைந்தது. வெகுநேரம் கழித்து, முழங்கால்வரை கரி படிந்து இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் நமது கையிலிருந்த செம்பைப் பார்த்து, "தண்ணி இருக்குங்களா, ஐயா?" என்று கேட்டார்.