ஓடுகிறவனின் மந்திரம்

"மந்திரத்தால் மாங்காய் விழுமா?" என்று நம் பெரியோர் கேட்டு வைத்தனர். விழாதுதான். ஆயினும் மூச்சு இரைத்து, கால்கள் கனத்து, "போதும், நின்றுவிடு" என்று உள்ளம் கெஞ்சும் வேளையில், ஒரு சொல் மனிதனை மேலும் ஓட வைக்கும். மூன்றாண்டுகளாக நம் கல்லூரிக்காக 10,000 மீட்டர் ஓடி வரும் நான் அனுபவத்தில் கண்ட உண்மை இது.

10,000 மீட்டர் என்பது 400 மீட்டர் தடத்தில் 25 சுற்று. நூறு மீட்டர் ஓட்டத்திற்குக் கூடும் கூட்டம் இதற்குக் கூடுவதில்லை. முதல் எட்டுச் சுற்றுகளைக் கால்களே ஓடிவிடும். கடைசி இரண்டை மணியோசையும் நண்பர்களின் ஆரவாரமும் ஓட்டிவிடும். இடையிலுள்ள பதினைந்து சுற்றுகளை மனம்தான் ஓட வேண்டும். வெயில் ஏறும், முன்னே ஓடுபவன் விலகிப் போய்க்கொண்டே இருப்பான், "நீ நின்றால் யார் கேட்கப் போகிறார்கள்?" என்று உள்ளே ஒரு குரல் எழும். மந்திரம் தேவைப்படும் இடம் அதுவே.

எல்லாச் சொல்லும் மந்திரமாகிவிடுவதில்லை. "வலிக்கவில்லை, வலிக்கவில்லை" என்று உருப்போட்டால் பலிக்காது. வலிக்கிறது என்பது உடம்புக்குத் தெரியும்; பொய் சொல்லி அதை ஏமாற்ற இயலாது. "தோளை இறக்கு", "கையைத் தளர்த்து", "அந்த வளைவு வரை" என்பவை பலிக்கும். ஏனெனில் அவை மனத்திற்கு ஒரு வேலையைக் கொடுக்கின்றன. வேலையில்லாத மனம்தான் வலியை எண்ணிக்கொண்டிருக்கும்.

என்னுடைய மந்திரம் எங்கள் ஊர்க் களத்துமேட்டிலிருந்து வந்தது. என் தாத்தா மரக்காலால் நெல் அளந்தவர். களத்தில் ஒன்று என்று எண்ணத் தொடங்கும் வழக்கமில்லை. "லாபம், ரெண்டு, மூணு" என்று ராகமாக இழுத்து அளப்பார். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கலம் முடிந்ததும் மீண்டும் "லாபம்". இந்தக் கணக்கில் என் ஓட்டம் இரண்டு கலமும் ஒரு மரக்காலும் ஆகும். 25 என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஒரு மரக்கால், அடுத்து ஒரு மரக்கால் என்றால் அளந்துவிடலாம் போலிருக்கிறது. எல்லோரும் தளரும் பதின்மூன்றாம் சுற்று எனக்கு "லாபம்".

இது என் ஒருவனின் கண்டுபிடிப்பு அன்று. ஏற்றம் இறைத்த நம் முன்னோர், இறைத்த சாலைப் பாட்டிலேயே எண்ணிக்கொண்டு பொழுது சாயும் வரை நீர் இறைத்தனர். 2003-ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடிய பவுலா ராட்கிளிஃப், நூறு வரை மும்முறை எண்ணினால் ஏறத்தாழ ஒரு மைல் கடந்துவிடும் என்று கணக்கு வைத்திருந்தார். பெண்கள் மாரத்தானில் அவருடைய உலகச் சாதனை 2019 வரை முறியடிக்கப்படவில்லை.

ஆராய்ச்சியாளரும் இதை ஆய்ந்துள்ளனர். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் 24 பேரைச் சோர்ந்து நிற்கும் வரை நிலைமிதிவண்டி ஓட்டச் செய்தனர். பின்னர் ஒரு பகுதியினருக்கு மட்டும், தமக்குத் தாமே ஊக்கச் சொற்களைச் சொல்லிக்கொள்ள இரண்டு வாரம் பயிற்சி தந்தனர். மறுமுறை அவர்கள் ஏறத்தாழ 18 விழுக்காடு அதிக நேரம் தாக்குப்பிடித்தனர். மற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. பயிற்சி என்ற சொல்லை நண்பர்கள் கவனிக்க வேண்டும். போட்டியன்று காலையில் தேடும் மந்திரம் உதவாது. அதைத் தினமும் ஓடி ஓடிப் பழக்க வேண்டும்.

இந்த மந்திரத்தின் முழு வலிமையை நான் உணர்ந்தது மைதானத்தில் அன்று, வீட்டில். சென்ற ஆண்டு தாத்தாவைப் பக்கவாதம் தாக்கியது. தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். திண்ணையிலிருந்து கிணற்றடி பன்னிரண்டு எட்டு. நாலாவது எட்டில் நின்று, "வேண்டாண்டா, விட்ரு" என்பார். வாழ்நாளெல்லாம் மூட்டை தூக்கிய மனிதர் அழுவதை அப்போதுதான் முதன்முறை பார்த்தேன். ஒரு நாள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, நெல்லு அளக்கிறோம். எண்ணுங்க" என்றேன். குழறிய நாக்கில் "லாபம்" என்றார். கால் நகர்ந்தது. அன்று ஆறு மரக்கால். மற்றொரு நாள் ஒன்பதில் அவர் தள்ளாடக் கண்டு, "போதும் தாத்தா, உக்காருங்க" என்றேன். "கலம் இன்னும் நெறயலடா" என்று அவரே அடுத்த எட்டு வைத்தார். இன்று கோலூன்றித் தனியே கிணற்றடிக்குப் போய் வருகிறார்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சோர்வு வேறு, நோய் வேறு. நெஞ்சு வலித்தாலோ, வெயிலில் தலை சுற்றினாலோ, மூட்டில் சுரீரென்று குத்தினாலோ மந்திரம் சொல்லக் கூடாது, நின்றுவிட வேண்டும். சோம்பலையும் அச்சத்தையும் அடக்குவதற்கே மந்திரம். உடம்பின் உண்மைக் குரலை அடக்குவதற்கு அன்று.

இவ்வாண்டு கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் எனக்கு நான்காம் இடம், பதக்கம் இல்லை. ஆயினும் 25 சுற்றிலும் ஒருமுறைகூட நடக்கவில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் கழனியிலிருந்தும் தறிக்கூடத்திலிருந்தும் கடற்கரையிலிருந்தும் இக்கல்லூரிக்கு வந்தவர்கள். நீண்ட வேலையை முடிக்கும் வித்தை நம் வீடுகளில் ஏற்கனவே இருக்கிறது. தறி தட்டும் தாளத்திலும், வலை இழுக்கும் குரலிலும், நாற்று நடும் பாட்டிலும் அது இருக்கிறது. ஓட்டமாயினும் தேர்வாயினும் வேலை தேடும் நெடுவழியாயினும், முழுத் தூரத்தையும் ஒரே பார்வையில் பார்த்து மலைக்க வேண்டாம். உங்கள் வீட்டுச் சொல் ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். ஒவ்வொரு மரக்காலாக அளப்போம்.