நாலாவது டேக்

மெட்ராஸ்ல வேலை பார்க்கிற மகன் பொங்கலுக்கு வந்தப்போ வீட்டுக்கு அலாரம் மாட்டினான். ராத்திரி மோட்டார் போட நான் தோட்டத்துக்குப் போயிட்டா அம்மா தனியா இருக்காளேன்னு கவலை.

நம்பர் அமுக்கி அணைக்கிறது என் வீட்டுக்காரிக்கு மறந்துபோகும். அதனால சாவிக்கொத்துல மாட்டுற டேக் நாலு வாங்கியிருந்தான். சுவத்துப் பெட்டிகிட்ட காட்டினா போதும். டேக்குக்குள்ள பேட்டரி கிடையாது. சின்னச் சில்லும் கம்பிச்சுருளும்தான். பெட்டியோட காந்தப்புலத்துலயே அதுக்குக் கரண்ட் கிடைச்சு தன் எண்ணைச் சொல்லிடும். ஒவ்வொண்ணையும் ஒருத்தர் பேர்ல பதியணும். தொலைஞ்சா அதை மட்டும் அழிச்சிடலாம்.

எங்க மூணு பேருக்கும் பதிஞ்சாச்சு.

"நாலாவது யாருக்குப்பா?"

"பக்கத்து வீட்டு மதினிக்கு."

"பெரியம்மா நல்லவங்கதான். ஆனா வீட்டாளுக்கு மட்டும்தான் கொடுக்கணும்."

நாங்க ஊருக்குப் போனா மாடக்குழிச் சாவியை எடுத்துத் திறந்து, தவிடு அள்ளி மாட்டுக்குத் தண்ணி காட்டுறது இருபது வருஷமா மதினிதான். இனி டேக் இல்லாம நுழைஞ்சா, அவங்களையே திருடின்னு கத்தும்.

மதினி மக சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்கு வேன்ல போற பொண்ணு. ஒருநாள் வெடிச்சத்தம் கேட்டதும் மதினி போட்டது போட்டபடி ரோட்டுக்கு ஓடினாங்க. அவங்க அடுப்பை அணைச்சுக் கதவைச் சாத்தினது என் வீட்டுக்காரி. நல்லவேளை, அது வேற ஆலை. ஆனா அங்கேயும் யாரோ பெத்த பிள்ளைகதானே.

சொன்னேன். மகன் பேசாம நாலாவதை மதினி பேர்ல பதிஞ்சான்.

கையில வாங்கிட்டு மதினி கேட்டாங்க: "அப்ப மாடக்குழியில சாவி இருக்காதா தம்பி?"

இருக்கும் மதினின்னேன்.